ஜெர்மனி போறவங்க துணிமணி: ஊர்ல எதை எடுக்கலாம், அங்க போய் எதை வாங்கலாம்?

பாலக்கோடு_மணி

எல்லாருக்கும் வணக்கம். செப்டம்பர் 28 பெங்களூருல இருந்து ஃப்ளைட், ஸ்டுட்கார்ட்ல எம்.எஸ். செக்-இன் 23 கிலோ, கையில 7 கிலோ. வீட்டுல எழுதி வச்ச லிஸ்ட் இது: ஜீன்ஸ் 6, சட்டை 10, டி-சர்ட் 10, ஸ்வெட்டர் 4, கனமான ஜாக்கெட் 1, தெர்மல் 4 செட், ஷூ 3 ஜோடி, கம்பளி 1. தருமபுரி கடையில ஜாக்கெட் 3,500 சொல்றாங்க, குளிருக்குத் தாங்கும்ங்கறாங்க. எதை எடுக்க, எதை விட? அங்க வாங்கினா சைஸ் எப்படிப் பார்க்கணும்? உயரம் 168 செ.மீ., மார்பு 38 இன்ச், இடுப்பு 32, பாதம் 25.5 செ.மீ., ஷூ 7.

ஸ்டுட்கார்ட்_ஓசூரான்

தம்பி, ஜாக்கெட்டும் கம்பளியும் லிஸ்ட்ல இருந்து முதல்ல போகட்டும். காரணத்தையும் சொல்லிடறேன், அங்க கடையில நிக்கும்போது எதைப் பார்க்கணும்னு அப்பத்தான் பிடிபடும்.

ஜெர்மனிக் குளிர்னா முழங்கால் அளவு பனிதான் நம்ம மனசுல வரும். ஸ்டுட்கார்ட்ல நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் நிறைய நாள் 0-க்கும் 8 டிகிரிக்கும் நடுவுலதான் ஓடும், கூடவே தூறலும் காத்தும். பனி கொட்டுற நாள் கொஞ்சம். அதனால சமாளிக்க வேண்டியது ஈரத்தையும் காத்தையும். நம்ம ஊர்க் கடையில கிடைக்கிற கனமான ஜாக்கெட், தளி பக்கம் மார்கழி விடியல்ல பைக் ஓட்டறதுக்கு அருமையா இருக்கும். மேல பாலியஸ்டர், உள்ள பஞ்சு ஷீட். ஆனா அரை மணி நேரத் தூறல்ல தையல் ஓட்டை வழியா தண்ணி இறங்கும். நனைஞ்ச பஞ்சு ஹாஸ்டல் அறையில காய ஒரு ராத்திரி பத்தாது. மறுநாள் காலையில அதையேதான் போட்டுக்கிட்டு கிளாஸுக்குப் போகணும்.

அங்க ஜாக்கெட் டேக்ல ரெண்டு வார்த்தை ஒண்ணு போலவே இருக்கும், ஏமாந்துடாதீங்க. "வாஸர்அப்வைஸெண்ட்"னா தண்ணி கொஞ்ச நேரம் மேலயே உருண்டு ஓடும், அவ்வளவுதான். "வாஸர்டிஷ்ட்"னா தான் தண்ணி உள்ள புகாது. பக்கத்துல "வாஸர்ஸாய்ல"ன்னு மில்லிமீட்டர்ல ஒரு எண் போட்டிருப்பாங்க. 5,000-னா தூறலுக்கு ஆகும். நடந்தும் சைக்கிள்லயும் தினம் போறவங்க 10,000 பாருங்க. அப்புறம் குல்லா, தோள்பட்டைத் தையலை உள்பக்கம் திருப்பிப் பாருங்க. தையல் மேல பட்டையா டேப் ஒட்டியிருக்கணும். அது இல்லாம எண் மட்டும் பெருசா இருந்து பிரயோஜனம் இல்ல, துணி நனையாது, தையல் ஒழுகும்.

இறகு வச்ச ஜாக்கெட் எடை கம்மி, சூடு அதிகம். ஆனா இறகு நனைஞ்சா கட்டி தட்டிப் போய் சூட்டைப் பிடிக்காது. மழை ஊருக்கு செயற்கைப் பஞ்சு வச்சு மேல வாஸர்டிஷ்ட் துணி போட்டது நல்லது. 60-ல இருந்து 120 யூரோவுக்குள்ள உருப்படியானது கிடைக்கும்.

இன்னொண்ணு. வெளிய 2 டிகிரி இருந்தாலும் வகுப்பறை, டிராம், கடை எல்லாத்துலயும் ஹீட்டர் ஓடும், 20 டிகிரி இருக்கும். தலைவழியா போடற கனமான ஸ்வெட்டரைப் போட்டுட்டுப் போனா பத்து நிமிஷத்துல வேர்க்கும். அந்த வேர்வையோட வெளிய வந்தா நடுக்கம். அதான் அங்க உள்ளவங்க வெங்காயக் கணக்குல உடுத்துவாங்க. அவங்க பாஷையிலயே அதுக்குப் பேரு "ஸ்வீபல்பிரின்ஸிப்", ஸ்வீபல்னா வெங்காயம். உடம்பை ஒட்டி தெர்மல், நடுவுல ஜிப் வச்ச ஃப்ளீஸ் (மெத்துன்னு இருக்கிற சூட்டுத் துணி மேல்சட்டை) இல்ல கம்பளி நூல் ஸ்வெட்டர், மேல காத்தும் மழையும் புகாத ஜாக்கெட். ஒவ்வொண்ணாக் கழட்டற மாதிரி இருக்கணும்.

ஸ்வெட்டர் 4-க்கு பதிலா ஜிப் ஃப்ளீஸ் 2. ஜீன்ஸ் 6-ஐ 2 ஆக்குங்க. ஒரு ஜீன்ஸ் 600, 700 கிராம் வரும், ஆறுன்னா பெட்டியில நாலு கிலோ அதுக்கே போகும். நனைஞ்ச ஜீன்ஸ் காயவும் காயாது. பருத்தி, டெரி காட்டன் பேண்ட் 2 சேர்த்துக்கோங்க. பனியன், ஜட்டி, சாக்ஸ் மட்டும் தாராளமா எடுங்க, தலா 12. திருப்பூர் சரக்கு இங்க விக்கிற விலைக்கு அங்க கிடைக்காது.

ராயக்கோட்டை_77

ஓசூர் அண்ணன் சொன்னதுல ஒண்ணுக்கு மட்டும் மாத்துக் கருத்து. செப்டம்பர் கடைசியில இறங்கினா காலையில 8, 10 டிகிரி இருக்கும். வெறும் சட்டையோட போய் இறங்கி, முதல் நாளே கடை தேடி அலைய முடியாது. பெங்களூரு விளையாட்டுச் சாமான் கடைகள்ல வாஸர்டிஷ்ட் தரத்துக்கே மழை ஜாக்கெட் 2,000, 3,000-க்குள்ள கிடைக்குது, டேப் ஒட்டினதே. கிருஷ்ணகிரியில இருந்து ரெண்டு மணி நேரப் பயணம். அதை ஃப்ளீஸ் மேல போட்டா அக்டோபர் முழுக்க ஓட்டலாம். அப்புறம் நிதானமாப் பார்த்து குளிர் ஜாக்கெட் வாங்கலாம்.

ஸ்டுட்கார்ட்_ஓசூரான்

இது சரி, ஒத்துக்கறேன். மெல்லிசு மழை ஜாக்கெட்டும் ஃப்ளீஸும் இங்க எடுங்க, ஃப்ளைட்ல போட்டுக்கிட்டே ஏறிடலாம், பெட்டியில எடை ஏறாது. ஒரு சைஸ் பெருசா எடுங்க, அப்பத்தான் ஃப்ளீஸுக்கு மேல ஏறும். பஞ்சு அடைச்ச குளிர் ஜாக்கெட் மட்டும் அங்க.

முதல் வாரத்துக்கு ஒரு எச்சரிக்கை. ஞாயித்துக்கிழமை பெரும்பாலும் எந்தக் கடையும் திறக்காது, மளிகைக் கடை உட்பட. பெரிய ரயில் நிலையம் மாதிரி இடத்துல சில கடை இருக்கும். அக்டோபர் 3 தேசிய விடுமுறை, அன்னைக்கும் எல்லாம் மூடல். அது சனிக்கிழமையில விழுந்தா ரெண்டு நாள் சேர்ந்தாப்புல கடை கிடையாது. போச்சம்பள்ளி சந்தை மாதிரி ஞாயித்துக்கிழமை போய் வாங்கிக்கலாம்னு கணக்குப் போட்டு வச்சிருக்காதீங்க.

குளிர் ஜாக்கெட் ஆகஸ்ட், செப்டம்பர்லயே கடைக்கு வந்துடும். ஜனவரி கடைசியில பாதி விலைக்கு வரும், ஆனா அப்போ 46, 48 மாதிரி சின்ன சைஸ் தீர்ந்திருக்கும். நம்ம உடம்புக்கு அக்டோபர்லயே வாங்கிடறது புத்திசாலித்தனம்.

கிருஷ்ணகிரி_தையலகம்

சைஸ் விஷயத்தை நான் சொல்றேன் தம்பி.

நீங்க சொன்ன 38 உடம்பு அளவா, சட்டை அளவா? முதல்ல இது தெளிவாகணும். தையல்காரர் நோட்டுல எழுதற சட்டை மார்பு அளவுல லூஸ் 4 இன்ச் சேர்ந்திருக்கும். அந்த நோட்டைப் பார்த்து வெளிநாட்டு சைஸ் வாங்கினவங்களுக்கு ரெண்டு சைஸ் பெருசா வந்து நிக்கும். உடம்பு அளவு எடுக்கிற விதம்: பனியனோட நின்னு, டேப்பை அக்குளுக்குக் கீழ, மார்பு மேட்டு மேல, முதுகுல இறங்காம நேரா சுத்தி, ஒரு விரல் நுழையற அளவுக்குப் பிடிக்கணும். மூச்சை இழுத்துப் பிடிக்கக் கூடாது. இடுப்பை தொப்புளுக்குக் கீழ, பேண்ட் நிக்கிற இடத்துல எடுங்க. உள்கால் நீளத்தை தொடை சேர்ற இடத்துல இருந்து கணுக்கால் எலும்புக்குக் கீழ வரைக்கும் எடுக்கணும். எல்லாத்தையும் செ.மீ.யில எழுதி போன்ல போட்டு வையுங்க.

ஜெர்மனியில ஆம்பளை கோட், ஜாக்கெட் சைஸ் மார்பு செ.மீ.யில பாதி. 96 செ.மீ. மார்புன்னா 48. இன்ச்ல நினைவு வச்சுக்க, இன்ச்சோட 10 கூட்டுங்க: 36-க்கு 46, 38-க்கு 48, 40-க்கு 50. உடம்பு அளவே 38-னா உங்களுக்கு 48.

ஆனா அந்த 48 உங்களைவிட உயரமான ஆளுக்கு வெட்டினது. 168 உயரத்துக்குத் தோள் பொருந்தும், கை நீளமாத் தொங்கும். அதுக்குன்னே அங்க குள்ள சைஸ் வரிசை தனியா உண்டு, எண்ணும் வேற: 48-க்கு 24, 50-க்கு 25, 52-க்கு 26. 24-ன்னு பார்த்ததும் சின்னப் பையன் சைஸ்னு ஒதுக்கிடாதீங்க, உங்களுக்கானது அதுதான். உசரமான ஒல்லி ஆளுங்களுக்கு 94, 98, 102-ன்னு இன்னொரு வரிசை.

ஃபார்மல் சட்டைக்குக் கணக்கு வேற, காலர் சுத்தளவு செ.மீ.யில: 38, 39, 40. கை நீளம் வழக்கமா 64, 65 செ.மீ. இருக்கும். குட்டைக் கை வேணும்னு "குர்ட்ஸ்ஆர்ம்"னு போட்டதை எடுத்தா அரைக்கை சட்டைதான் வரும். முழுக்கை, ஆனா நீளம் கம்மின்னா "ஃபெர்குர்ட்ஸ்டர் ஆர்ம்"னு இருக்கும், சுமார் 59 செ.மீ. இந்த ஒரு வார்த்தையாலயே நிறைய பார்சல் திரும்பிப் போகும். சட்டை எல்லாம் இங்கயே தைச்சு எடுத்துக்கிட்டா இந்தத் தொல்லையே இல்ல. 5 போதும்.

ஜீன்ஸ்ல W இடுப்பு, L உள்கால், ரெண்டும் இன்ச். உங்க உயரத்துக்கு L30 வரும். கடையில அடுக்கி வச்சிருக்கிறது பெரும்பாலும் L32, L34. கால் மடிச்சுத் தைக்க அங்க ஒரு பேண்ட்டுக்கு 10 யூரோவுக்கு மேல கேப்பாங்க. அதனால பேண்ட்டு எல்லாம் இங்க தைச்சோ, ஆல்டர் பண்ணியோ எடுத்துட்டுப் போங்க.

இப்போ தைக்கக் குடுக்கும்போது கேட்டு வாங்க வேண்டியது: பேண்ட்டுக்கு பின்பக்க சீட் தையல்ல ஒன்றரை இன்ச், கால் மடிப்புல 2 இன்ச் துணி உள்ள விடச் சொல்லுங்க. முதல் வருஷத்துல உடம்பு ஏறும், இல்ல இறங்கும், ஒரே மாதிரி நிக்காது. உள்ள துணி இருந்தா பிரிச்சுத் தைக்க அரை மணி நேர வேலை, இல்லேன்னா பேண்ட்டே போச்சு. காட்டன் துணியா இருந்தா தைக்கறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி தண்ணியில ஊற வச்சு நிழல்ல காயப் போட்டு எடுத்துட்டு வாங்க. அங்க மிஷின் தண்ணியைச் சூடு பண்ணித் துவைக்கும். நனைக்காத துணி முதல் துவையல்லயே சுருங்கும்.

பென்னாகரம்_மலர்

மாஸ்டர், அக்காமாருங்க யாராச்சும் இருந்தா எனக்கும் சொல்லுங்க. நவம்பர்ல மியூனிக், கூட 3 வயசுப் பொண்ணு, உயரம் 95 செ.மீ. சுடிதார்தான் தினசரி உடுப்பு, விசேஷத்துக்குப் புடவை. குளிர்ல இதை எப்படி உடுத்தறது? பிளவுஸ் எத்தனை தைக்கலாம்? குழந்தைக்கு இங்கயே ஸ்வெட்டர், ஃபர் கோட் எல்லாம் எடுத்துடலாமா?

மியூனிக்_அரூர்

மலர், சுடிதாரை விட வேண்டியதில்ல, உள்ளயும் மேலயும் போடறதை மாத்தினாப் போதும்.

டாப்புக்குக் கீழ கழுத்து இறக்கமா உள்ள முழுக்கை தெர்மல் எடுங்க, வட்டக் கழுத்து தெர்மல் டாப் கழுத்துல எட்டிப் பார்க்கும். கீழ பாட்டியாலா, பலாசோ வேண்டாம், காத்து உள்ள நுழையும், ஓரம் சகதியில புரளும். உள்ள ஃப்ளீஸ் வச்ச லெக்கின்ஸ் இங்க குளிர் சீசன்ல எல்லா இடத்துலயும் கிடைக்கும். ஜாக்கெட் இடுப்பளவுல எடுத்தா டாப் அடியில தொங்கி, ஸ்லிட் வழியா காத்து அடிக்கும். முழங்காலுக்குக் கொஞ்சம் மேல வர்ற நீளக் கோட்டா பாருங்க, ஜிப் கீழ இருந்தும் திறக்கிற மாதிரி. அப்பத்தான் டிராம்ல உக்காரவும், படி ஏறவும், வண்டி தள்ளவும் இறுக்காது.

துப்பட்டாவை ஜாக்கெட்டுக்குள்ளயே முடிஞ்சுடணும். வெளிய தொங்கவிட்டா எஸ்கலேட்டர்லயும் சைக்கிள் சக்கரத்துலயும் மாட்டும், இது உயிர் விஷயம்.

புடவைக்கு: சாட்டின் உள்பாவாடையை விட்டுட்டு காட்டன்ல எடுங்க. ஹீட்டர் ஓடற அறையில காத்து வறண்டு போய், சிந்தெடிக் புடவையும் சாட்டினும் உரசி காலோட ஒட்டிக்கும், தொட்டா சுளீர்னு ஷாக் அடிக்கும். உள்பாவாடைக்குள்ள லெக்கின்ஸ், பிளவுஸுக்குப் பதிலா முழுக்கை டர்டில் நெக் கூட அழகா இருக்கும். புடவையை ஒரு இன்ச் தூக்கிக் கட்டி பூட்ஸ் போடுங்க. ரோட்டுல பனிக்கு உப்பு தூவுவாங்க, அது பட்டா ஓரத்துல வெள்ளைக் கோடு விழும். பட்டுல விழுந்தா ஜரிகையே கறுக்கும். ஃபால்ஸ், பிகோ எல்லாம் ஊர்லயே முடிச்சுட்டு வாங்க, இங்க அந்த வேலை தெரிஞ்சவங்களைத் தேடணும்.

பிளவுஸ் 5, 6 போதும். ரெண்டு பக்கமும் ஒன்றரை இன்ச் உள்ள விட்டு, லைனிங் துணியையும் நனைச்சுக் காயப் போட்டுத் தைக்கச் சொல்லுங்க. மேல்துணியை மட்டும் நனைச்சு லைனிங்கை விட்டுட்டா, துவைச்சதும் லைனிங் சுருங்கி மேல்துணி கொப்புளம் கொப்புளமாத் தூக்கும். சரியா உக்கார்ற ஒரு அளவு பிளவுஸை உங்க டெய்லர்கிட்டயே விட்டுட்டு வாங்க. அடுத்த தடவை போன்ல அளவு சொல்லி மல்லுக்கட்ட வேண்டியதில்ல.

கடை சைஸ்: மார்பு சுத்தளவு செ.மீ.யைப் பாதியாக்கி 6 கழிங்க. 36 இன்ச்னா 92 செ.மீ.ன்னு வச்சுக்கலாம், பாதி 46, ஆறு போனா 40. அதே துணி பிரெஞ்சுக் கணக்குல 42. டேக்ல D 40, F 42-ன்னு ரெண்டும் போட்டிருந்தா D-யைப் பாருங்க. வெறும் EUR-ன்னு மட்டும் இருந்தா போட்டுப் பார்க்காம எடுக்காதீங்க, அது எந்த நாட்டுக் கணக்குன்னு பிராண்டுக்கு பிராண்டு மாறும். 165 செ.மீ.க்குக் கீழ உயரம்னா குள்ள சைஸ் பாதி எண்ணுல இருக்கும், 40-க்கு 20. பிரா அளவு நம்ம 32-க்கு 70, 34-க்கு 75, 36-க்கு 80, கப் எழுத்து கிட்டத்தட்ட அதேதான்.

இப்ப குழந்தைக்கு வர்றேன், இதுல கொஞ்சம் விரிவாவே சொல்லணும். ஃபர் கோட் வேண்டவே வேண்டாம். இங்க குழந்தைத் துணி சைஸ் வயசுல இல்ல, உயரத்துல: 92, 98, 104, 110-ன்னு ஆறு ஆறு செ.மீ.யா ஏறும். 95 செ.மீ.க்கு 98. பனிக்குப் போடற முழு உடுப்பு மட்டும் 104 எடுங்க, உள்ள ரெண்டு அடுக்கு போகணும், அடுத்த மார்ச் வரைக்கும் வரணும்.

கிண்டர்கார்டன்ல மழையோ குளிரோ தினம் வெளிய விளையாட விடுவாங்க. "மாட்ஷ்ஹோஸ"ன்னு ஒண்ணு கேப்பாங்க, சகதியில உக்காந்து எழுந்திரிக்கிற ரப்பர் மாதிரி பேண்ட், தோள் பட்டை வச்சது. கூட ரப்பர் பூட்ஸ், வீட்டுக்குள்ள போடற செருப்பு, மாத்துத் துணி ஒரு செட், கையுறை ரெண்டு ஜோடி. கையுறை அஞ்சு விரல் வச்சது வேண்டாம், மாட்டிவிட நேரமாகும், சூடும் கம்மி. கட்டைவிரல் மட்டும் தனியா இருக்கிறதை எடுங்க. எல்லாத்துலயும் பேர் எழுதணும், அழியாத பேனாவுல டேக் மேல. இருபது பிள்ளைங்க மாட்ஷ்ஹோஸயும் ஒரே நீலத்துல தொங்கும்.

கழுத்துல நாடா வச்ச ஃப்ராக், குல்லாவுல கயிறு வச்ச ஜாக்கெட் எதையும் எடுத்துட்டு வராதீங்க. சறுக்குமரத்துல கயிறு மாட்டினா கழுத்தை இறுக்கும். அதனாலதான் ஐரோப்பாவுல 7 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க துணியில தலை, கழுத்துப் பக்கம் கயிறு வைக்கக் கூடாதுன்னு தர விதியே இருக்கு. கழுத்துச் செயினும் அப்படித்தான், கழட்டிட்டு அனுப்புங்க. அதே மாதிரி கார் சீட்ல உக்கார வைக்கும்போது பஞ்சு வச்ச கனமான ஜாக்கெட்டைக் கழட்டிட்டு பெல்ட் போடணும், மேல போர்வை போத்திக்கலாம். ஜாக்கெட்டோட பெல்ட் போட்டா பார்க்க இறுக்கமா இருக்கும், மோதினா பஞ்சு அமுங்கி பெல்ட் தளர்ந்துடும்.

செலவுக்கு வழி: மார்ச்லயும் செப்டம்பர், அக்டோபர்லயும் கிண்டர்கார்டன்ல, சர்ச் மண்டபத்துல குழந்தைத் துணி பழைய சந்தை போடுவாங்க. பிள்ளைங்க ஒரு சீசன்தான் போடும், அதனால பனி உடுப்பு புதுசு மாதிரியே கிடைக்கும். வாங்கறதுக்கு முன்னாடி ஜிப்பை அஞ்சாறு தடவை மேலயும் கீழயும் இழுங்க, முட்டி, உக்கார்ற இடம், கை ஓரம் தேஞ்சிருக்கான்னு வெளிச்சத்துல பாருங்க. ஜிப் போன உடுப்பை இலவசமாக் குடுத்தாலும் வேண்டாம், மாத்தற கூலிக்கு இன்னொண்ணு வாங்கிடலாம்.

பென்னாகரம்_மலர்

அக்கா, கோடி நன்றி. பாப்பாவுக்கு ஃபர் கோட் வாங்கறதை விட்டாச்சு.

பாலக்கோடு_மணி

ஷூ பத்தி யாரும் சொல்லலியே?

ஸ்டுட்கார்ட்_ஓசூரான்

நம்ம ஊர் நம்பர் இங்கிலாந்துக் கணக்கு. 7-க்கு 41, 8-க்கு 42, 9-க்கு 43 சுமாரா வரும். சரிபார்க்க, பாத நீளம் செ.மீ.யோட ஒன்றரை கூட்டி ஒன்றரையால பெருக்குங்க: 25.5-க்கு 40.5 வருது, 41 எடுங்க. சாயங்காலம் அளங்க, அப்போ பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். குளிர் பூட்ஸுக்குப் போகும்போது தடிமனான சாக்ஸோட போட்டுப் பாருங்க, விரலுக்கு முன்னாடி கட்டைவிரல் அகலம் இடம் வேணும். இறுக்கிப் பிடிச்சா ரத்த ஓட்டம் குறைஞ்சு பாதம் இன்னும் சில்லிடும்.

செருப்பு போட்டுப் பழகின நம்ம பாதம் அகலம். கடையில நீளம் சரியா இருந்தும் பக்கத்துல கடிச்சா நம்பரை ஏத்தாதீங்க, அகல எழுத்தைப் பாருங்க: F ஒடுக்கம், G சாதாரணம், H அகலம், K ரொம்ப அகலம். அடிப்பாகம் ரப்பர், ஆழமான பல். வழுவழுன்னு இருக்கிற தோல் அடி ஷூ உறைபனியில சறுக்கும். மூணு ஜோடியில ஸ்போர்ட்ஸ் ஷூவும் ஃபார்மலும் எடுத்துட்டுப் போங்க, மூணாவதை அங்க வாங்கிக்கோங்க. உப்புக் கறை பட்டா அன்னைக்கே ஈரத்துணியால துடைங்க, தோல் வெடிக்காது.

ஓசூர்ல இருந்து கம்பெனி வழியா ஃபேக்டரி வேலைக்குப் போறவங்க சேஃப்டி ஷூவைச் சுமக்க வேண்டாம், வேலைக்குத் தேவையான பாதுகாப்புச் சாமானை அங்க முதலாளி தன் செலவுலயே குடுக்கணும்.

ராயக்கோட்டை_77

ஆன்லைன்ல வாங்கினா 14 நாளுக்குள்ள காரணம் சொல்லாம திருப்பலாம், அது சட்டம். ஆனா நேரா கடையில வாங்கினதுக்கு அந்த உரிமை கிடையாது, கடைக்காரங்க விருப்பம்தான். பில்லைத் தொலைச்சா அதுவும் போச்சு. தள்ளுபடிச் சரக்குல "ஃபோம் உம்டௌஷ் ஆவுஸ்கஷ்லொஸன்"னு எழுதியிருந்தா மாத்தித் தரமாட்டாங்க. பழுது இருந்தா மட்டும் கேக்கலாம், அந்தப் பொறுப்பு ரெண்டு வருஷம்.

ரெண்டு சைஸ் வரவழைச்சு ஒண்ணைத் திருப்பறது அங்க சகஜம். டேக்கைக் கிழிக்காம, வீட்டுக்குள்ள மட்டும் போட்டுப் பாருங்க. திருப்பற தபால் செலவு யாருதுன்னு ஆர்டர் போடறதுக்கு முன்னாடியே படிங்க. "பில் வந்தப்புறம் கட்டலாம்"ங்கறதை அழுத்தினா கடைசி நாளை போன்ல அலாரமா வையுங்க, தவறினா நினைவூட்டல் கடிதமும் கட்டணமும் வரும்.

எல்லாத்துக்கும் மேல, பார்சல் வராம போறதுக்கு முக்கியக் காரணம் ஒண்ணு இருக்கு. அங்க அபார்ட்மெண்ட் கட்டடத்துக்கு எண் இருக்கும், ஆனா உள்ள ஒவ்வொரு ஃப்ளாட்டுக்கும் பெரும்பாலும் தனி எண் கிடையாது, காலிங் பெல்லுலயும் தபால் பெட்டியிலயும் இருக்கிற பேர்தான் விலாசம். உங்க பேர் அங்க இல்லேன்னா தபால்காரர் "ஆள் இல்லை"ன்னு திருப்பி அனுப்பிடுவார். வேற ஒருத்தர் எடுத்த வீட்டுல தங்கினா c/o போட்டு அவங்க பேரையும் எழுதுங்க. நம்ம ஆளுங்களுக்கு இன்னொரு சிக்கல், இனிஷியல். பாஸ்போர்ட்ல அப்பா பேர் கடைசிப் பேரா இருக்கும், பெல்லுல கூப்பிடற பேர் ஒட்டியிருப்பாங்க. ரெண்டையும் ஒட்டுங்க.

பாலக்கோடு_மணி

அருமைண்ணா, இது யாரும் சொல்லல. துவைக்கிறது? ஹாஸ்டல்ல பொது மிஷின்னு சொல்றாங்க.

மியூனிக்_அரூர்

முன்பக்கக் கதவு மிஷின்தான், தண்ணியைத் தானே சூடு பண்ணும். யாரோ 60-ல ஓட்டிட்டுப் போன டயலை அப்படியே விட்டு அமுக்காதீங்க. தினசரித் துணிக்கு 30, 40. துண்டு, பெட்ஷீட், உள்ளாடைக்கு 60. கம்பளி நூலுக்கு "வோல"ன்னு தனி ஓட்டம், சுத்தறது 600-க்கு மேல போகக் கூடாது, இல்லேன்னா கெட்டி தட்டி அட்டை மாதிரி ஆயிடும். மழை ஜாக்கெட்டுக்கு வாசனை கண்டிஷனர் ஊத்தவே ஊத்தாதீங்க, துணியோட தண்ணி தள்ளுற குணம் கெட்டுடும்.

சுங்குடி, கலம்காரி, சாயம் போற காட்டன் எதையும் கிளம்பறதுக்கு முன்னாடி ஊர்லயே ரெண்டு தடவை பச்சைத் தண்ணியில அலசிடுங்க. வெள்ளைத் துணியை நனைச்சு மேல அழுத்திப் பாருங்க, சாயம் ஒட்டினா அது எப்பவும் தனியாத்தான் துவைக்கணும். டிரையர் உள்ள போடறதுக்கு முன்னாடி டேக்ல சதுரத்துக்குள்ள வட்டம் போட்டு குறுக்கே அடிச்சிருக்கான்னு பாருங்க, அடிச்சிருந்தா கொடிதான். நம்ம காட்டன் சட்டைக்கு டிரையரே வேண்டாம், கை ரெண்டு இன்ச் ஏறிடும்.

அறைக்குள்ள காயப் போட்டா ஜன்னலை அகலத் திறந்து அஞ்சு, பத்து நிமிஷம், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை. ஈரம் சுவத்துல இறங்கி பூஞ்சை பிடிச்சா வீட்டுக்காரர் அட்வான்ஸ்ல கை வைப்பார். வேட்டியை மட்டும் கையிலயே அலசி, பிழியாம தொங்கவிடுங்க. மிஷின் வேகத்துல விழுற சுருக்கம் இஸ்திரிக்கு லேசுல மசியாது.

பென்னாகரம்_மலர்

பின்னாடி ஊர்ல இருந்து பிளவுஸ், சுடிதார் பார்சல் போட்டா வரி வருமா?

ராயக்கோட்டை_77

வீட்டுல இருந்து உங்களுக்குன்னு அனுப்பற பரிசு, காசு வாங்காதது, 45 யூரோ மதிப்பு வரைக்கும் வரி இல்ல. கடையில இருந்து நேரா வரவழைச்சா 2021 ஜூலை 1-ல இருந்து முதல் யூரோவுக்கே 19 சதவீத இறக்குமதி வாட் வரி உண்டு, தபால்காரங்க கையாளும் கட்டணமும் தனி. சுங்கப் படிவத்துல "துணி"ன்னு மொட்டையா எழுதாம, "காட்டன் பிளவுஸ் 3, தைச்சது, பரிசு"ன்னு ஒவ்வொண்ணுக்கும் விலையோட எழுதச் சொல்லுங்க. மதிப்பைக் குறைச்சு எழுதினா பிடிச்சு வச்சு பில் கேப்பாங்க. அதே பெட்டியில நெய், பால்கோவா வைக்காதீங்க. பால் பொருள், இறைச்சி ஐரோப்பாவுக்குள்ள தபால்ல வரக் கூடாது, பறிமுதல் பண்ணுவாங்க.

கிருஷ்ணகிரி_தையலகம்

மலர் அம்மா, பிளவுஸ் அனுப்பும்போது அதே துணியில கால் மீட்டர் துண்டும், நாலு ஹூக்கும், பொருந்தற நூல் ஒரு கண்டும் உள்ள வைக்கச் சொல்லுங்க. அக்குள்ல இறுக்கினா அந்தத் துண்டுல சதுரமா ஒரு ஒட்டு வச்சு நீங்களே கையால தைச்சுக்கலாம். ஊசியும் சின்னக் கத்திரியும் கிளம்பும்போது செக்-இன் பெட்டியில போடுங்க, கைப்பையில வச்சா செக்கிங்ல பிடிப்பாங்க. மணி தம்பி, நீங்க செப்டம்பர் 10-க்குள்ள துணி குடுத்துடுங்க. அதுக்கப்புறம் எந்தக் கடையிலயும் தீபாவளித் தையல் குவிஞ்சு கிடக்கும், உள்ள துணி விடறதைக் கவனிச்சுச் செய்ய யாருக்கும் நேரம் இருக்காது.